கோழிப்பண்ணை வியூகம்

கர்னல் சென்னிமலை தன் மனைவியின் மீது போர் தொடுப்பது என்று தீர்மானித்த நேரத்தில் அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் பல் துலக்கும் பிரஷ். வாயில் நுரை. இடுப்பில் கட்டம் போட்ட லுங்கி. காதில் செல்போன். ஆனால் நின்ற நிலை மட்டும் அணிவகுப்பு மைதானத்து விறைப்பு.

"வாரேன்" என்றார். "கண்டிப்பா வாரேன்" என்றார். "நான் யாரைக் கேக்கோணும்?" என்றும் சொன்னார். இதைச் சொல்லும்போது மட்டும் சமையலறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

மறுமுனையில் பேசியவர் பிரிகேடியர் பாலசுந்தரம். ஒரு காலத்தில் சென்னிமலையிடம் பாடம் கேட்ட இளம் கேப்டன். இன்றைக்கு வடக்கே ஒரு மலையூரில், அந்தப் பாடம் நடந்த அதே ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவர். மாணவன் மேலே ஏறிப் போய்விட்டான், வாத்தியார் கர்னலாகவே ஓய்வு பெற்றுவிட்டார். வாத்தியார் தொழிலில் இது சகஜம். படைக்குத் தலைமை தாங்குவது எப்படி, போர் உத்தி வகுப்பது எப்படி என்று இளம் அதிகாரிகளுக்குச் சொல்லித்தர அவரைப்போல ஆள் கிடைக்கவில்லையாம். ரெண்டு வருஷம் வந்து பாடம் எடுக்க முடியுமா என்று பாலசுந்தரம் கேட்டிருந்தார்.

முடியுமாவா? சென்னிமலை தவித்துப்போய்க் கிடந்தார். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டுக்கு ஓய்வுபெற்று வந்ததிலிருந்து அவர் சொல்வதைக் கேட்க ஒரு ஜீவன் இல்லை. பால்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து தாக்குவது எப்படி என்று விளக்கினார். இப்போது பால்காரர் பாலைக் கேட்டிலேயே தொங்கவிட்டுவிட்டு வண்டியை நிறுத்தாமல் ஓடுகிறார்.

போவதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. சிக்கலின் பெயர் பாவாயி.

ஓய்வுபெற்று வந்த அன்று சேலம் ஜங்ஷனில், மாலையும் கழுத்துமாக, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "பாவாயி, இனி உன்னைய உட்டுட்டு ஒரு பக்கமும் போகமாட்டேன்" என்று சொல்லித் தொலைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னது. சம்பங்கி மாலையின் வாசனை அப்படிச் சொல்லவைத்துவிட்டது.

பாவாயி அதை நம்பினாளா என்று தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு ஊருக்கு அவருடன் போய்க் குடித்தனம் வைத்திருக்கிறாள். அதற்குள் மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கோழிப்பண்ணையைப் பார்க்கவும் ஆள் வேண்டும். பாவாயி இறங்கி வந்தவள், வந்தவள்தான். அவர் ஊர் ஊராக மாறினார். அவள் மாமனாரைக் கரை சேர்த்தாள். மகள் தனப்பிரியாவைப் படிக்கவைத்துச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கட்டிக்கொடுத்தாள். ஒரு கொட்டகையாக இருந்த பண்ணையை வரிசை வரிசையாக வளர்த்தாள். இப்போது அங்கே இருக்கிற கோழிகளின் எண்ணிக்கை, சென்னிமலை தன் வாழ்நாளில் நடத்திய படை வீரர்களின் எண்ணிக்கையைவிட அதிகம்.

அப்படிப்பட்டவளிடம் போய், "நான் மறுபடியும் கெளம்பறேன்" என்று எந்த வாயால் சொல்வது?

தன் திட்டத்தை அவர் முதலில் சொன்னது அன்வர் பாட்சாவிடம். அன்வர் பாட்சா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முட்டை மொத்த வியாபாரி. முட்டை எடுக்க வேனோடு பண்ணைக்கு வந்துபோகிறவர். அவர் மனைவி ஷஹர்பானுவும் பாவாயியும் உடன்பிறக்காத குறை.

"அன்வர், இன்னையிலிருந்து நீ என்னோட உளவுத்துறை" என்றார் சென்னிமலை.

"எனக்கு முட்டைத்துறையே போதும் சார்."

"பரம ரகசியம். பாவாயிக்குத் தெரியக்கூடாது."

"என் வாயிலேர்ந்து வராது சார்."

"உங்க ஊட்டுல?"

"ஷஹர்பானுகிட்ட நானாச் சொல்லவே மாட்டேன். ஆனா அவ கேட்டா, பதில் சொல்லாம இருக்கற அளவுக்கு எனக்குப் பயிற்சி இல்லை சார்."

இந்த இடத்திலேயே கர்னல் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. விஷயத்தை முழுசாகக் கொட்டினார்.

அன்வர் பாட்சா தாடியைத் தடவினார். "நேராக் கேட்டா என்ன சார்? இந்த மாதிரி கூப்பிடறாங்க, என்ன பண்ணலாம்னு?"

"அது நேரடித் தாக்குதல். பலமான கோட்டைய நேராப் போயி முட்டாதேன்னு என் பசங்களுக்கு மொத வகுப்புலயே சொல்லுவேன்."

"முட்டாதேங்கறீங்க. சரி. நான் முட்டை ஏத்தலாமா?"

"இரு. முழுசாக் கேளு. அவளே என்னைய அனுப்பிவெக்கோணும். 'எங்கியாச்சும் போய்த் தொலைங்க சாமி'ன்னு கையெடுத்துக் கும்பிடோணும். அதுக்கு என்ன வழி? நான் ஊட்டுல இருக்கறது அவளுக்குத் தாங்க முடியாத தொல்லையா மாறோணும்."

அதற்குத் தனியாக எதற்குத் திட்டம் என்று கேட்க அன்வர் பாட்சா வாயெடுத்தார். நெடுநாள் வாடிக்கை என்பதால் மூடிக்கொண்டார்.

முதல் தாக்குதல் சமையலறையில் நடந்தது. பாவாயி பண்ணைக்குப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்த சென்னிமலை, அங்கிருந்த டப்பா, போசி, சல்லடை, கரண்டி அத்தனையையும் ராணுவக் கிடங்கு முறைப்படி மாற்றி அடுக்கினார். எடை குறைந்ததெல்லாம் மேலே. எடை கூடியதெல்லாம் கீழே. மிளகாய்த்தூள் ஆபத்தான பொருள் என்பதால் பூட்டுக்குள்ளே.

பாவாயி வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"ஏனுங்க, கடுகு எங்கீங்க?"

"மேல் அட்டாலி. இடது ஓரம்."

"புளி?"

"அதுக்கு எதுத்தாப்புல."

"உப்பு?"

"உப்பு ஈரம் இழுக்கும். முன் ரூமுக்கு மாத்தியாச்சு. டி.வி. பக்கத்துல இருக்குது."

சொல்லிவிட்டு, கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு புயலுக்குக் காத்திருந்தார். பாவாயி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் வந்தது.

"அட, நல்லாத்தானுங்க இருக்குது. எனக்கு இத்தன நாளாத் தோணவேயில்ல பாருங்க. எது எங்க இருக்குதுன்னு இனி உங்களுக்குத்தானே தெரியும்? காலக் காப்பிய நீங்களே வெச்சுப்போடுங்க."

மறுநாள் விடிந்ததும் கர்னல் சென்னிமலை சர்க்கரை டப்பாவைத் தேடி வீட்டுக்குள் ரோந்து சுற்றிக்கொண்டிருந்தார். பாவாயி கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் உட்கார்ந்து பேப்பர் படித்து அவர் பார்த்ததில்லை.

"சித்த சூடு கம்மி" என்றாள், காப்பியைக் குடித்துவிட்டு. "நாளைக்குப் பழகிரும்."

பரவாயில்லை. ஒரு மோதலில் தோற்றால் போரில் தோற்றதாகாது. சென்னிமலை களத்தைப் பண்ணைக்கு மாற்றினார்.

காலையில் வேலையாட்கள் வந்து சேருகிற நேரம். கூண்டுகளில் கோழிகள் தீவனம் கொத்துகிற சத்தம் மழைபோலக் கேட்கும் நேரம். கொட்டகை வாசலில் நின்றுகொண்டு சென்னிமலை விசில் ஊதினார். பனிமலைக் கணவாயில் அந்தப் பக்கத்து முகாமுக்குக் கேட்க ஊதிப் பழகிய விசில் அது. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் கூண்டின் கூரையில் மண்டையை இடித்துக்கொண்டன.

"சாமி, விசிலு வேண்டாஞ் சாமி" என்று தலையில் கை வைத்தாள் பெருமாயி. கொட்டகைகளுக்கு மேஸ்திரி மாதிரி அவள். "பொட்டச் சாதி. பயந்துக்கும்."

"பயம் போகத்தான் பயிற்சி. எல்லாரும் வரிசையா நில்லுங்க."

நின்றார்கள். தலைமைப் பண்பு பற்றி ஒரு முழு வகுப்பு எடுத்தார். நெருக்கடியில் குரல் உயராதவன் தலைவன். தன் ஆள் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறவன் தலைவன். தப்பு நடந்தால் தன் தலையில் போட்டுக்கொண்டு, நல்லது நடந்தால் ஆட்களுக்குக் கொடுக்கிறவன் தலைவன். தொண்டை கம்மப் பேசினார். பேசிவிட்டு, "இப்ப சொல்லுங்க பாக்கலாம், தலைவன்னா யாரு?" என்று கேட்டார்.

"பாவாயக்காங்க" என்றார்கள் எல்லோரும்.

அந்த வாரம் முட்டை குறைந்தது. வந்த முட்டையிலும் பாதி, ஓடு இல்லாத தோல்முட்டை. தொட்டால் நெளிந்தது. அன்வர் பாட்சா ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்து, "சார், கோழி முட்டை போடலை, கண்ணீர் விட்டிருக்குது" என்றார்.

சென்னிமலைக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனாலும், எதிரி கொதித்தெழும் நேரம் இதுதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். பாவாயி முட்டை அட்டைகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"வெசனப்படாதீங்க" என்றாள். "புது அதிகாரி வந்தா எந்தப் படையும் சித்த தடுமாறத்தானே செய்யும்?" என்று இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். தீவனக் கிடங்கு, முட்டை ரூம், மோட்டார் ரூம், ஜெனரேட்டர். "எல்லாம் நீங்களே பாத்துக்கங்க. எனக்கும் வயசாகுதுல்லீங்க?"

"ஏம்புள்ளே, உனக்குக் கோபமே வரலியா?"

"எதுக்குங்க கோபம்? ஊட்டுல ஆம்பள இருந்து பாத்துக்கறது எவ்வளவு தெம்பு! இத்தன வருசம் நம்ம பண்ணையில எல்லாமே பொட்டக் கோழி. சேவலே இல்லாமத்தானுங்க முட்டை வந்துட்டிருந்துச்சு."

இதில் பாராட்டு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று சென்னிமலைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

எதிரி தானாகப் பின்வாங்கினால் சந்தோஷப்படாதே, நில், காலுக்குக் கீழே என்ன புதைத்திருக்கிறது என்று பார். இதை எத்தனையோ வகுப்புகளில் மேஜையைத் தட்டிச் சொன்னவர் அவர். சாவிக்கொத்தின் கனத்தில் மறந்துபோனார்.

அன்று பொழுது சாய, அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது பாவாயி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொல்லிமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலைமேல இந்நேரத்துக்குக் குளுருமுங்களா?"

"குளிரும்."

"நீங்க இருந்த ஊரெல்லாம் இதைவிடக் குளுருல்லீங்க?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அது எலும்பைக் கடிக்கற குளிரு."

மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?"

வாய்வரைக்கும் வந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் திட்டம் பாதியில் இருக்கிறது. போட்ட திட்டத்தைப் பாதியில் கைவிடுகிற தளபதியை அவர் மன்னித்ததே இல்லை.

"ஒண்ணுமில்லியே" என்றார்.

அவள் முகத்தில் ஏதோ வந்து நின்று, நகர்ந்து போனது. எழுந்து உள்ளே போய்விட்டாள். எதிரியின் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அதைப் படிக்காமல் கொசுவை அடித்துக்கொண்டிருந்தார்.

கடைசித் தாக்குதலுக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் ஆட்டையாம்பட்டி. நெருங்கிய உறவில் ஒரு சீர். ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருந்தது. பந்தியில் பாயசம் வந்த நேரத்தில் எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. சாகற வரைக்கும் இந்தக் கர்னல் தன்னோட கோழிப்பண்ணைய உட்டு ஒரு அடி நகரமாட்டான். விடிஞ்சா எந்திரிச்சுப் படுக்கற வரைக்கும் பாவாயி கூடவேதான். அவ கோயிலுக்குப் போனா நானும் கோயிலு. சந்தைக்குப் போனா நானும் சந்தை."

பாட்டிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தனப்பிரியா இலையிலிருந்து தலைதூக்கி, "அப்பா, நெஜமாவா?" என்றாள்.

"நெஜந்தான் கண்ணு."

பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. மிரண்டுவிட்டாள் என்று சென்னிமலை கணக்குப் போட்டார். வாழ்நாள் முழுக்க, நாள் முழுக்க, இந்த மனுஷனா! இன்றைக்கோ நாளைக்கோ கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாள்.

காரில் திரும்பும்போது அவள் மறுபடி கேட்டாள். "நெஜமாவே எங்கியும் போகலீங்களா?"

"போகல."

"யாராச்சும் கூப்புட்டாக்கூட?"

"ராஷ்டிரபதியே கூப்புட்டாலும் போகமாட்டேன்."

"செரிங்க" என்றாள் பாவாயி. அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் காலையில், கர்னல் சென்னிமலை காப்பிக்குப் பால் பொங்குவதைக் கண்காணித்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் ஹாரன் கேட்டது. அன்வர் பாட்சாவின் கார். பின்சீட்டில் ஷஹர்பானு, மடியில் சாப்பாட்டுக் கூடையோடு, கல்யாணப் பெண் மாதிரி மலர்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளறையிலிருந்து பாவாயி வந்தாள். கையில் பெட்டி. காலில் ஷூ. பட்டுக்கரைச் சேலைக்குக் கீழே வெள்ளைவெளேரென்று கான்வாஸ் ஷூ.

"நாங்க கெளம்பறோமுங்க" என்றாள்.

"எங்க?"

"டெல்லி. ஆக்ரா. அப்பறம் அந்த மலையூரு."

"எந்த மலையூரு?"

"உங்க பாலசுந்தரந் தம்பி இருக்கற ஊருதானுங்க. அவரு சம்சாரம் வரச்சொல்லி ஒத்தக்கால்ல நிக்குது. தனப்பிரியாதான் டிக்கெட்டுப் போட்டுக்குடுத்தா."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. சென்னிமலை அதைப் பார்க்கவில்லை.

"பாவாயி, அந்த ஊருக்குப் போகவேண்டியவன் நானு!"

"அப்படிங்களா?" பெட்டியைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட யாரும் சொல்லலீங்களே."

அன்வர் பாட்சா காரை விட்டு இறங்கவேயில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். கர்னல் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"அவரை மொறைக்காதீங்க. உங்களைய அங்க கூப்புட்டது அந்தண்ணன் சொல்லி எனக்குத் தெரியல" என்றாள் பாவாயி. "அந்தத் தம்பி உங்களுக்கு முன்னாடி எங்கிட்டத்தான் பேசுச்சு. நீங்க தோட்டத்துப் பக்கம் நடக்கப் போயிருந்தீங்க. 'அம்மா, சாரைக் கூப்புடப் போறேன், நீங்களும் கூட வரோணும், ரெண்டு பேருக்கும் ஊடு தயாரா இருக்குது, முன்னால பூராவும் ரோசாச்செடி'ன்னு சொல்லுச்சு. நான் செரின்னுட்டேன்."

"செரின்னுட்டியா?"

"ஆமாங்க. வரட்டும், அவராச் சொல்லட்டும், அவரு வாயால 'பாவாயி, வா போலாம்'னு கூப்புடட்டும்னு இருந்தேன். எங்கிட்டப் பேசுனதை உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அந்தத் தம்பிகிட்டயும் சொல்லிவெச்சேன். பண்ணைய ஒரு ரெண்டு வருசம் பெருமாயி பாத்துக்குவா, பேசிவெச்சுப்போட்டேன். சேலத்துல போயி ஸ்வெட்டருகூட வாங்கியாந்துட்டேன். உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இந்த வெய்யலுக்கு ஸ்வெட்டருங்களான்னு கடையில சிரிக்கறாங்க. எனக்கும் சிரிப்பாத்தானுங்க இருந்துச்சு."

கர்னல் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீங்க உப்பைக் கொண்டுபோயி டி.வி. பக்கத்துல வெச்சீங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "அப்பக்கூட எனக்கு வெளங்கல. ஷஹர்பானு சொல்லித்தான் தெரிஞ்சுது. தனியாப் போறதுக்கு வழி பாக்கறாருக்கா, அதுக்குத்தான் இத்தனையும்னு. இல்லடி, அப்படி இருக்காதுன்னேன். ரெண்டு தரம் உங்களையக் கேட்டேன். ரெண்டு தரமும் இல்லைன்னீங்க."

"பாவாயி..."

"அந்தத் தம்பி போன வாரம் கூப்புட்டு, சார் எப்பக் கெளம்பறாருன்னு கேட்டுச்சு. நீங்க சீர்ல சொன்னதை அப்படியே சொன்னேன். சாகற வரைக்கும் பண்ணைய உட்டு ஒரு அடி நகரமாட்டாராமுன்னு. ஒரு வார்த்த கூடக் கொறச்சுச் சொல்லலீங்க, சேத்தியும் சொல்லல. அது பாவம், வாத்தியாரு மனசை ஏன் கலைக்கோணும்னு வேற ஆளைப் போட்டுப்போடுச்சு."

எதிரிக்கு என்று பரப்பிய பொய்ச் செய்தி தலைமையகத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அதைத் தலைமையகம் நம்பியும் விட்டது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்கு மருந்து கிடையாது.

"சரி, நானும் வாரேன்! ஒரு நிமிசம் இரு, பெட்டி கட்டறேன்!"

"பண்ணைய யாருங்க பாக்கறது? சாவி உங்க கையிலல்லீங்க இருக்குது? பெருமாயிகிட்ட எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கறீங்கன்னு சொல்லிப்போட்டேன். அவ மக ஊட்டுக்குப் போயிட்டா, பேத்தியைப் பாத்துட்டு வர."

பாவாயி காரில் ஏறினாள். ஏறும்முன் அவர் பக்கம் திரும்பி ஒரு கணம் நின்றாள். கை நீண்டு, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தது. அந்தக் கணத்தில் அவர் கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாளோ என்னவோ. அவருக்கு என்ன வார்த்தை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. 'நில்' என்கிற கட்டளைதான் நாக்கில் வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

கார் போய்விட்டது.

மத்தியானத்துக்கு மேல் அன்வர் பாட்சா மட்டும் திரும்பி வந்தார். முகம் செத்துக்கிடந்தது.

"நீ போகலியா?"

"எனக்கு டிக்கெட்டே போடலை சார். ஜங்ஷன்ல எறக்கிவிட்டதும், 'நீங்க கர்னலுக்குத் துணையா இருங்க, ரெண்டு பேருமாச் சேந்து ரகசியம் பேசிட்டிருங்க'ன்னுட்டா ஷஹர்பானு. ரயில் போயிருச்சு." வயிற்றைத் தடவிக்கொண்டார். "சாப்பிட ஏதாவது இருக்குதா சார்?"

இருவரும் உப்புமா செய்தார்கள். பாதிச் சமையலில் உப்புக்காக முன் ரூமுக்கு ஓடவேண்டியிருந்தது. அதற்குள் அடி பிடித்துவிட்டது.

நாட்கள் போயின. கர்னல் சென்னிமலை விசிலைக் கழற்றி அலமாரிக்குள் போட்டார். ஷூ சத்தத்துக்கும் கோழிகள் மிரள்வதைக் கண்டு, செருப்பைக்கூட வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு கொட்டகைக்குள் நடக்கப் பழகினார். மெதுவாக நடந்தால் கோழிகள் தலையைச் சாய்த்துப் பார்த்து, க்ர்ர் என்று ஒரு சத்தம் எழுப்பி, மறுபடி தீவனத்துக்குக் குனிந்துகொள்கின்றன. முட்டைக்கு மறுபடி ஓடு பிடிக்கத் தொடங்கியது. ஒருநாள் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. ஒருநாள் தீவன லாரி வரவில்லை. ஒருநாள் இடி இடித்து ஒரு கொட்டகைக் கோழிகள் அத்தனையும் கூண்டு மூலையில் போய் ஒண்டிக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் ஓடினார். ஓடும்போதெல்லாம் ஒரே கேள்விதான் அவருக்கு வந்தது. இதையெல்லாம் அவள் தனியாளாக, இத்தனை வருஷமும், படுக்கையில் கிடந்த அப்பனையும் பார்த்துக்கொண்டு எப்படிச் சமாளித்தாள்? ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. போனில் பேசும்போதெல்லாம், செய்யவேண்டியது என்ன என்று சொல்லிவிட்டு வைத்திருக்கிறார்.

ஒரு சாயங்காலம் முட்டை ரூமில், அடுக்கிவைத்த அட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எந்தப் புது வகுப்பிலும் அவர் கரும்பலகையில் முதலில் ஒரு கோடு போடுவார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நம் ஆட்கள், அந்தப் பக்கம் எதிரி, இதில் தப்பு செய்தால் அப்புறம் எத்தனை கெட்டிக்காரத்தனமும் உதவாது என்பார். இந்த முறை அந்தக் கோட்டைப் போட்டு, பாவாயியைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார். அவள் பெட்டியோடு, ஷூவோடு, ரெண்டு ஸ்வெட்டரோடு இந்தப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

போன் அடித்தது. அவள்தான்.

"சாப்புட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ஆச்சுங்க. இங்க காலையில எந்திரிச்சா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மலை பூரா பனி, வெள்ள வெளேருன்னு. ஷஹர்பானு அள்ளி என் மேல எறியறா, வயசைப் பாருங்க அவளுக்கு. உங்க வகுப்பு ரூமைக்கூடக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனாங்க. செவுத்துல உங்க போட்டா இருக்குது. மீசையெல்லாம் கருகருன்னு. நான் அந்தப் பெஞ்சுல உக்காந்து அதையே சித்த நேரம் பாத்துட்டிருந்தேன்."

ஒரு வார்த்தை கேட்க இத்தனை நாள் ஆகியிருக்க வேண்டாம். ஆனாலும் இப்போதாவது கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். திட்டம் கிடையாது. வியூகம் கிடையாது.

"பாவாயி, ஊடு நல்லாவேயில்ல. நீ எப்ப வருவே?"

ராணுவத்தில் இருந்த காலம் முழுக்க, இதே கேள்விக்கு அவர் அவளுக்குச் சொல்லிவந்த பதில், வார்த்தை மாறாமல் அவருக்கே வந்து சேர்ந்தது.

"லீவு கெடச்சா வாரேனுங்க."